கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா: செல்போன் நிறுவனங்களின் காப்புரிமைக் கணக்கு

2010 அக்டோபரில் ஆப்பிள், தன் காப்புரிமைகளை (பேடன்ட்) பயன்படுத்துவதற்குச் சாம்சங்கிடம் ஒரு விலை சொன்னது. ஸ்மார்ட்போன் ஒன்றுக்கு 30 டாலர், டேப்லெட் ஒன்றுக்கு 40 டாலர். சாம்சங் தன் காப்புரிமைகளைப் பதிலுக்குத் தந்தால் 20 சதவீதம் தள்ளுபடி. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் சுமார் 25 கோடி டாலர் தேறும் என்று ஆப்பிளின் ஆவணம் கணக்குப் போட்டிருந்தது. சாம்சங் இசையவில்லை. 2011 ஏப்ரலில் கலிபோர்னியாவில் வழக்கு விழுந்தது. இந்த விலைப்பட்டியல் வெளியுலகத்துக்குத் தெரியவந்ததே 2012இல் விசாரணையின்போது அது சான்றாவணமாக வைக்கப்பட்டபோதுதான்.

பேரம் பேசி 30 டாலரைக் குறைத்துக் கட்டியிருக்கலாமே, ஏழு ஆண்டு கோர்ட் வாசலில் நின்றிருக்க வேண்டாமே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. போட்டி நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்ட ஒரு செல்போன் நிறுவனத்துக்கு முன்னால் இருப்பவை சில வழிகள்தான்: கட்டிவிடுவது, எதிர்த்து வழக்காடுவது, பொருளை மாற்றி வடிவமைப்பது, தானும் காப்புரிமைகளை வாங்கிக் குவிப்பது, அந்தச் சந்தையை விட்டே வெளியேறுவது. ஒவ்வொன்றையும் யாராவது பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். எது யாருக்குப் பலித்தது என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு பிரிவினையைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் காப்புரிமையும் ஒரே எடை கொண்டதல்ல. 3ஜி, 4ஜி, 5ஜி, வைஃபை போன்ற தரநிலைகளுக்குள் இருக்கும் காப்புரிமைகள் ஒரு வகை. அவற்றைத் தொடாமல் போனில் சிக்னலே வராது; தப்பிக்க இடமில்லை. அதனாலேயே அவற்றின் உரிமையாளர்கள் நியாயமான, பாரபட்சமற்ற விலையில் எல்லோருக்கும் உரிமம் தருவதாகத் தரநிலை அமைப்புகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருப்பார்கள். இன்னொரு வகை, போனின் தோற்றத்துக்கும் திரையில் நடக்கும் சின்னச் சின்ன வித்தைகளுக்குமானது. முனை வளைந்த முகப்பு, விரலால் இழுத்துப் பூட்டுத் திறப்பது, தானாகச் சொல் நிரப்புவது இப்படி. இவற்றை யாருக்கும் தரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இவை இல்லாமலும் போன் விற்கலாம். கையிலிருக்கும் நோட்டீஸ் இதில் எந்த வகை என்று பார்க்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

சாம்சங்குக்கு வந்தது இரண்டாவது வகை. அது சண்டையைத் தேர்ந்தெடுத்தது. 2012 ஆகஸ்டு 24 அன்று ஜூரி சொன்ன நஷ்டஈடு சுமார் 105 கோடி டாலர். தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் சாம்சங் கதை முடிந்தது என்கிற மாதிரி எழுதின. அந்தத் தொகை அதன் பிறகு பட்ட பாட்டைப் பாருங்கள். அடுத்த மார்ச்சில் நீதிபதி லூசி கோ, ஜூரி கணக்குப் போட்ட முறை தவறு என்று 45 கோடி டாலர் அளவுக்கு நீக்கி, அந்தப் பகுதிக்கு மறுவிசாரணை வைத்தார். மறுவிசாரணைக்குப் பின் மொத்தம் 93 கோடி. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு பகுதியை வெட்டி 54.8 கோடிக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சாம்சங் அதைக் கட்டியது. கட்டிக்கொண்டே உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

அங்கே வந்த கேள்வி சுவையானது. தோற்றத்துக்கான காப்புரிமையை மீறினால் மீறியவரின் மொத்த லாபத்தையும் தர வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். 1887இல் வந்த விதி அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கம்பள வடிவங்களைத் திருடிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வெறும் 6 சென்ட் நஷ்டஈடு கொடுத்தது. கொதித்துப்போன நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை இயற்றியது. கம்பளத்தில் வடிவம்தான் பொருள், ஆகவே மொத்த லாபம் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான தொழில்நுட்பங்கள் அடைந்து கிடக்கும் போனில், வளைந்த முனைக்கும் பதினாறு ஐகான் கட்டத்துக்கும் மொத்த லாபமா? 2016 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, "பொருள்" என்பது கடையில் விற்கும் முழுப் போனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்றார்கள். எந்தப் பாகம் என்று எப்படி முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்லாமல் கீழே அனுப்பிவிட்டார்கள். சர்ச்சையில் இருந்தது 39.9 கோடி டாலர். 2018 மே மாதம் புதிய ஜூரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தோற்றத்துக்கு மட்டும் 53.3 கோடி கொடுத்தது. உச்ச நீதிமன்றத்தில் சாம்சங் ஜெயித்தும் தொகை ஏறியது! அடுத்த மாதமே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொகை வெளியில் சொல்லப்படவில்லை.

இரண்டாவது வழக்கு ஒன்றும் தனியாக ஓடியது. அதில் 2014இல் ஆப்பிளுக்குக் கிடைத்த தீர்ப்பு 11.96 கோடி டாலர். இரண்டு வழக்குகளின் கடைசித் தீர்ப்புகளையும் கூட்டினால் 100 கோடி டாலரைத் தாண்டவில்லை. வக்கீல் கட்டணம் தனி. 2013இல் சாம்சங் விற்ற ஸ்மார்ட்போன்கள் 30 கோடிக்கு மேல். போனுக்கு 30 டாலர் என்றால் அந்த ஓர் ஆண்டுக்கே 900 கோடி. ஆப்பிள் சொன்ன தள்ளுபடியையும் இன்னும் பெரிய தள்ளுபடிகளையும் போட்டுக்கொண்டாலும் ஒரே ஆண்டின் உரிமத் தொகை ஏழாண்டு வழக்கின் நஷ்டஈட்டை விட அதிகமாகத்தான் நிற்கும். கோர்ட்டில் தோற்ற நிறுவனம் கணக்குப் புத்தகத்தில் ஜெயித்தது.

சாம்சங் ஜெயித்ததற்குக் காரணம் சட்டத் திறமை என்று நான் நினைக்கவில்லை. போனின் ஆயுளை விட வழக்கின் ஆயுள் நீளம், அவ்வளவுதான். அந்த இரண்டாவது வழக்கில் ஆப்பிள் கேட்ட விற்பனைத் தடை கடைசியில் கிடைத்தது, 2016 ஜனவரியில். தடைப்பட்டியலில் இருந்தவை கேலக்ஸி எஸ்2, எஸ்3, கேலக்ஸி நோட் போன்ற மாடல்கள். வழக்குப் போட்டது 2012இல். தடை வந்தபோது கடையில் அந்த மாடல்களைத் தேடினாலும் கிடைக்காது. நடுவில் சாம்சங் உலகில் முதலிடத்தைப் பிடித்துவிட்டது. இதில் வேடிக்கை, அதே காலத்தில் ஐபோனுக்குள் இருந்த சிப்களைச் செய்து கொடுத்ததும் சாம்சங்தான். ஒரு கையால் வழக்கு, மறு கையால் வியாபாரம்.

எல்லோராலும் இந்த விளையாட்டை ஆட முடியாது. தைவானின் எச்டிசியை எடுத்துக்கொள்வோம். 2010 மார்ச்சில் ஆப்பிள் அதன் மேல் வழக்குப் போட்டது. 2011 டிசம்பரில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் ஒரே ஒரு காப்புரிமையில் எச்டிசி மீறியதாகச் சொன்னது: மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் போன் தானே அடையாளம் கண்டு, தொட்டால் என்ன செய்யலாம் என்று காட்டும் வசதி. இந்த ஆணையம் நஷ்டஈடு தருவதில்லை. துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்தும். 2012 ஏப்ரல் 19 முதல் தடை. எச்டிசி மென்பொருளை மாற்றியிருந்தது. ஆனாலும் மே மாதம் அதன் புத்தம் புதிய ஒன் எக்ஸ் போன்களும் ஸ்பிரின்ட் நிறுவனத்துக்கான ஈவோ 4ஜி எல்டிஇ போன்களும் அமெரிக்கச் சுங்கத்தில் சோதனைக்காக மாட்டிக்கொண்டன. மாற்றியது உண்மையா என்று அதிகாரிகள் பார்த்து முடிப்பதற்குள் ஈவோ போனின் அறிமுகத் தேதி தள்ளிப்போனது. செல்போன் சந்தையில் புது மாடலுக்கு முதல் சில வாரங்கள்தான் உயிர்நாடி. அந்த நவம்பரில் எச்டிசி ஆப்பிளுடன் பத்தாண்டு உரிம ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அதன் சரிவுக்கு வழக்கு மட்டும் காரணமில்லை. சாம்சங்கின் விளம்பர பலத்துக்கும் விநியோக பலத்துக்கும் அதனால் ஈடு கொடுக்க முடியவில்லை. இருந்தாலும் கையில் ஒன்றிரண்டு மாடலை மட்டும் நம்பியிருக்கும் நிறுவனத்துக்குச் சுங்கத் தடை விழும் இடமும், பத்து மாடலை ஒரே நேரத்தில் ஓட்டும் நிறுவனத்துக்கு விழும் இடமும் வேறு.

பொருளை மாற்றுவது என்ற வழி எச்டிசிக்குக் கால்வாசிதான் பலித்தது என்றாலும், தோற்றத்திலும் திரை வித்தையிலும் வரும் சண்டைகளுக்கு அதுதான் மிக மலிவான மருந்து. ஐபோனில் பட்டியலைக் கடைசி வரை இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பித் துள்ளும். அதற்கு ஆப்பிளிடம் காப்புரிமை இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் அந்த இடத்தில் விளிம்பில் நீல ஒளி ஒன்று மின்னத் தொடங்கியது. "பட்டியல் முடிந்துவிட்டது" என்று பயனாளருக்குத் தெரிவிக்கும் வேலையை அந்த ஒளியும் செய்தது. நீலம் மின்னுகிறதே என்று போனைத் திருப்பிக் கொடுத்தவர் யாராவது இருந்திருப்பாரா? ஜெர்மனியிலும் இப்படித்தான். 2011 ஆகஸ்டில் டுசெல்டோர்ஃப் நீதிமன்றம் கேலக்ஸி டேப் 10.1 விற்பனைக்குத் தடை விதித்தது. சாம்சங் சில மாதங்களில் முகப்புச் சட்டகத்தை மாற்றி, பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து, 10.1என் என்று இறக்கியது. ஆப்பிள் அதற்கும் தடை கேட்டது. 2012 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வழக்குப் போட்டவருக்கும் ஆபத்து உண்டு என்பதை இங்கே சொல்லிவிடலாம். இழுத்துப் பூட்டுத் திறக்கும் காப்புரிமையை ஐரோப்பாவில் காட்டப்போய், நியோனோடு என்ற சின்ன ஸ்வீடன் நிறுவனம் ஐபோனுக்கு முன்பே அதைச் செய்திருந்தது என்று வெளிப்பட்டு, 2012இல் பிரிட்டனிலும் பிறகு ஜெர்மனியிலும் ஆப்பிளின் காப்புரிமையே செல்லாது என்றாகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. வழக்குப் போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தால் பல ஆண்டு மிரட்டிக்கொண்டிருக்கலாம். பிரிட்டனில் இன்னொரு சங்கடமும் நேர்ந்தது: சாம்சங் டேப்லெட் ஆப்பிளின் வடிவத்தை மீறவில்லை என்று ஆப்பிளே தன் இணையதளத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று உத்தரவு. ஆப்பிள் வெளியிட்டது, ஆனால் கீழே தன் பக்க நியாயத்தையும் சேர்த்து. நீதிமன்றம் கண்டித்துத் திருத்தி எழுத வைத்தது.

காப்புரிமைகளை வாங்கிக் குவிக்கும் வழியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 2011இல் திவாலான கனடா நிறுவனம் நார்டெலின் ஆறாயிரம் காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தபோது கூகுள் 90 கோடி டாலரில் தொடங்கி, ஒரு கட்டத்தில் பை என்ற கணித எண்ணை அப்படியே எடுத்து 314.159 கோடி டாலர் கேட்டதாகச் செய்தி வந்தது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன், பிளாக்பெரி உள்ளிட்ட கூட்டணி 450 கோடிக்குத் தட்டிக்கொண்டு போனது. தோற்ற கூகுள் அடுத்த மாதமே மோட்டோரோலாவின் செல்போன் நிறுவனத்தை 1,250 கோடி டாலருக்கு வாங்கும் என்று அறிவித்தது. 17,000 காப்புரிமைகள் கூட வரும் என்பதே முக்கியக் காரணம்.

அந்த ஆயுதக் கிடங்கு எவ்வளவு சுட்டது? மோட்டோரோலா தன் தரநிலைக் காப்புரிமைகளுக்கு மைக்ரோசாஃப்டிடம் கேட்டது ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் போகும் தொகை. 2013 ஏப்ரலில் சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் நியாயமான விலை ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டாலர் என்றார். அச்சுப்பிழை இல்லை, லட்சம்தான். நியாய விலைக்குத் தருவேன் என்று வாக்குக் கொடுத்த காப்புரிமையை வைத்துப் பெரிதாக மிரட்ட முடியாது என்பது அன்றோடு தெளிவாயிற்று. சாம்சங்குக்கும் அதே பாடம் அந்த ஆகஸ்டில் கிடைத்தது. தரநிலைக் காப்புரிமை ஒன்றைக் காட்டிப் பழைய ஐபோன்களுக்கு அது வாங்கிய இறக்குமதித் தடையை அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி மைக்கேல் ஃப்ரோமன் ரத்து செய்தார். 1987க்குப் பிறகு இப்படி நடந்தது அப்போதுதான். அக்டோபரில் சாம்சங் போன்களுக்கு எதிரான தடையை ரத்து செய்யச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். காரணம், ஆப்பிளுடையது தரநிலைக் காப்புரிமை அல்ல என்பது. உள்ளூர்க்காரருக்கு ஒரு நீதி என்று சியோலில் முணுமுணுத்ததிலும் வியப்பில்லை.

மோட்டோரோலாவின் போன் தொழிலை 2014இல் லெனோவோவுக்கு 291 கோடி டாலருக்கு விற்றது கூகுள். காப்புரிமைகளில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 450 கோடிக்குப் போன நார்டெல் குவியலில், கூட்டாளிகள் தமக்குப் பிடித்ததைப் பிரித்துக்கொண்ட பின் மிஞ்சிய நாலாயிரம் அந்த ஆண்டு இறுதியில் 90 கோடிக்குக் கைமாறியது. வாங்கிக் குவிப்பதால் பலனே இல்லை என்று சொல்லமாட்டேன். பதிலுக்கு வழக்குப் போட முடியும் என்ற அச்சம் எதிரியின் கையைக் கொஞ்சம் தடுக்கும். 2016இல் ஷாவ்மி மைக்ரோசாஃப்டிடமிருந்து சுமார் 1,500 காப்புரிமைகளை வாங்கியது அப்படிப்பட்ட அடக்கமான கொள்முதல். வெளிநாட்டுச் சந்தைக்குள் நுழையும் முன் கொஞ்சம் கவசம் போட்டுக்கொள்வதில் தவறில்லை. நோட்டீஸ் வந்த பிறகு சந்தைக்கு ஓடுவதுதான் யானை விலை.

வெளியேறுவது? ஓப்போ செய்து பார்த்தது. நோக்கியாவுடன் 2018இல் போட்ட ஒப்பந்தம் 2021இல் முடிந்தது. புதுப்பிப்பில் பேச்சு முறிந்து நோக்கியா பல நாடுகளில் வழக்குப் போட்டது. ஜெர்மனியில் ஒரு விசித்திரம் உண்டு: மீறல் நடந்ததா என்பதை ஒரு நீதிமன்றமும் காப்புரிமை செல்லுமா என்பதை வேறொரு நீதிமன்றமும் விசாரிக்கும். முதலாவது வேகமாக முடியும். ஆகவே செல்லாத காப்புரிமைக்குக்கூட முதலில் தடை விழுந்துவிடலாம். 2022 கோடையில் மன்ஹைம், மியூனிக் தீர்ப்புகளுக்குப் பின் ஓப்போவும் ஒன்பிளஸும் ஜெர்மனியில் விற்பனையை நிறுத்தின. ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்றிலிருந்து ஒன்றரை ஆண்டு ஒதுங்கி இருந்தன. 2024 ஜனவரியில் சமரசம். மீண்டும் உரிம ஒப்பந்தம். வெறும் முட்டாள்தனம் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றவில்லை. ஜெர்மனியில் ஓப்போவின் விற்பனை சிறியது. நோக்கியாவின் கோரிக்கையோ உலகம் முழுக்க விற்கும் ஒவ்வொரு போனுக்கும். தனக்குச் சிறியதான சந்தையை விட்டுக்கொடுத்துப் பெரிய தொகையைப் பேரம் பேசியது. இதற்கிடையே சீனாவின் சோங்சிங் நீதிமன்றத்தில் உலக விகிதத்தை நிர்ணயிக்கும் தீர்ப்பு ஒன்றையும் கையில் வாங்கிக்கொண்டது. ஆனால் ஓப்போவுக்கு இந்தியா முக்கியச் சந்தை, அங்கிருந்து வெளியேற முடியாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் வழக்கு முடிவதற்கு முன்பே பணத்தை டெபாசிட் செய்யச் சொன்னது: பழைய ஒப்பந்தத்தில் கட்டிய தொகையில் இந்தியாவின் பங்கான 23 சதவீதம்.

இனி கட்டிவிடுவது. தரநிலைக் காப்புரிமை என்றால் கடைசியில் எல்லோரும் வந்து சேரும் இடம் இதுதான். பேரம் எவ்வளவு, எப்போது என்பதில்தான் வேறுபாடு. லாவா நிறுவனம் எரிக்சனுக்கு எதிராக 2015இல் தானே முந்திக்கொண்டு நொய்டாவில் வழக்குப் போட்டது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது லாவா தர வேண்டிய நஷ்டஈடு 244 கோடி ரூபாய். சாம்சங்குக்கு உதவிய காலதாமதம் லாவாவுக்கு உதவவில்லை. நீல ஒளி மாதிரி மாற்று ஒன்றை 2ஜி, 3ஜிக்குக் கண்டுபிடிக்க முடியாது என்பது ஒரு காரணம். விற்ற ஒவ்வொரு போனும் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும் என்பது இன்னொன்று.

நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்துக்கு நான் சொல்வது இதுதான். தோற்றம், திரை வித்தை சம்பந்தமான நோட்டீஸ் என்றால் அடுத்த மாடலிலேயே மாற்றிவிட்டு, பழைய மாடலுக்காக வழக்கை நடத்திக்கொண்டே இருக்கலாம். மாடல்கள் ஒன்றிரண்டுதான், விற்பனை அமெரிக்காவை நம்பி இருக்கிறது என்றால் மட்டும் முன்கூட்டியே சமரசம். தரநிலைக் காப்புரிமை என்றால் சண்டை வேண்டாம், விலையில் மட்டும் சண்டை. எதற்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2014 டிசம்பரில் எரிக்சன் வழக்கில் ஷாவ்மிக்கு இந்தியாவில் முழுத் தடை விழுந்தது. சில நாட்களில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும் போனுக்கு 100 ரூபாய் டெபாசிட் கட்டி விற்கலாம் என்றது; எரிக்சனின் உரிமம் குவால்காமிடம் இருக்கிறது என்பது ஷாவ்மியின் வாதம். மீடியாடெக் சிப் போட்ட ரெட்மி நோட் 3ஜி வெளியே நின்றது. எந்தச் சிப் வாங்குவது என்று முடிவெடுத்த கொள்முதல் அதிகாரி, தெரிந்தோ தெரியாமலோ, வழக்கின் பாதியை அன்றே தீர்மானித்திருந்தார். சிப் விலையில் சில டாலர் மிச்சம் என்று கணக்குக் காட்டுபவரிடம் உரிமம் யார் தலையில் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கட்டுகிற விலையும் கையில் வைத்திருக்கும் பழைய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நோக்கியாவும் ஆப்பிளும் முதலில் மோதியது 2009 அக்டோபரில். 2011 ஜூனில்தான் ஆப்பிள் மொத்தமாக ஒரு தொகையும் தொடர் ராயல்டியும் கட்ட ஒப்புக்கொண்டது. 2016 டிசம்பரில் மறுபடி வழக்கு. இம்முறை ஐந்தே மாதத்தில் முடிந்தது. நோக்கியாவுக்கு முன்பணமாக 170 கோடி யூரோ வந்தது. அந்த ஒப்பந்தம் 2023 இறுதியில் முடிய இருந்தது. ஆறு மாதம் முன்னதாக, ஜூன் 30 அன்று, புதிய நீண்டகால ஒப்பந்தம் கையெழுத்தானதாக நோக்கியா அறிவித்தது. அந்த முறை வழக்கே போடப்படவில்லை.